மன்னார்க் கந்தோரில் ஒரு பிள்ளையின் இனம்

என் தம்பி சுந்தரம் மன்னாரில் வாந்திபேதியில் இறந்துபோன செய்தி எங்களுக்கு ஒரு தபால் அட்டையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ எழுதியிருந்தார். "உங்கள் தம்பியாரும் அவர் பெண்சாதியும் ஒரே கிழமையில் மௌத்தாகிவிட்டார்கள். ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். உடனே வந்து கூட்டிப் போகவும். தாமதித்தால் சர்க்கார் கொண்டுபோகும்." அவனுக்குப் பெண்சாதி இருந்ததே அந்த அட்டையைப் படித்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கடல் தாண்டியவன். செட்டியார் கடை ஒன்றின் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கிறேன் என்று முதல் வருடம் எழுதினான். பிறகு கடிதம் இல்லை. அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பிள்ளையைத்தான் பார்க்க முடியல. அவன் பிள்ளையையாவது கொண்டுவந்து சேர்" என்றாள். நான் பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரமும் நான் வாந்தி எடுத்தேன். கீழ்த்தட்டில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் எனக்கு எலுமிச்சம்பழம் நீட்டினார். அவர் கையிலிருந்து வாங்க மனம் வரவில்லை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் கடலை எட்டிப் பார்த்தேன்.

தலைமன்னாரில் ரயில் ஏறினேன். பேசாலையைத் தாண்டியதும் வண்டி நின்றது. தண்டவாளத்தின் மேல் ஏழெட்டுக் கழுதைகள் படுத்திருந்தன. கார்டு இறங்கிச் சிங்களத்தில் திட்டிக்கொண்டே கல் எறிந்தான். எதிரில் இருந்த மீன் வியாபாரி சிரித்தபடி மொழிபெயர்த்தார்: "இந்தத் தீவிலை முதலாம் வகுப்புச் சீட்டு கழுதையளுக்குத்தானாம்." அரை மணி நேரம் வெயிலில் வெந்தோம். இரண்டு பக்கமும் வெள்ளை மணல், பனை, உடைமுள். எங்கள் இராமநாதபுரத்துச் சீமையே பரவாயில்லை என்று முதன்முறையாகத் தோன்றியது.

அட்டை எழுதியவரின் வீடு முஸ்லிம்கள் குடியிருக்கும் சோனகத் தெருவில் இருந்தது. அவர் உப்பு வியாபாரத்துக்காக வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி சாரா உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். ஐம்பது வயதிருக்கும். "வாங்கோ தம்பி, உள்ளுக்கை வாங்கோ. கதிரையிலை இருங்கோ. வழியிலை ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இடியப்பமும் மீன் சொதியும் எடுத்து வந்து வைத்தார். ஊரில் இருந்திருந்தால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டேன். பசி வேறு சொன்னது. நாலு தரம் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பிள்ளை உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குத் திக்கென்றது. நல்ல கறுப்பு. தலைமயிர் கம்பிச் சுருளாக மண்டையோடு ஒட்டிக் கிடந்தது. எங்கள் வம்சத்தில் அப்படி ஒரு தலையை நான் பார்த்ததில்லை. குனிந்தேன். அவள் கால்கள் கண்ணில் பட்டன. இரண்டு சுண்டுவிரலும் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. என் காலும் அப்படித்தான். என் அப்பாவுக்கும் தம்பிக்கும்கூட அப்படித்தான் இருந்தது. செருப்புக் கடையில் எங்கள் மூவருக்கும் ஒரே பாடு.

"பேர் என்ன?" என்றேன்.

"வள்ளி. கோயிலிலை பிலோமினா," என்றாள். "நீங்கள் ஆர்?"

"உன் பெரியப்பா."

"அப்பான்ரை ஊரிலை இருந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் பெட்டியின் பூட்டை ஆராயத் தொடங்கினாள்.

அவள் தூங்கிய பிறகு சாரா உம்மா மற்றதைச் சொன்னார். என் தம்பியோடு இருந்த லூசியாவின் தகப்பன் ஒரு காப்பிரி. போர்த்துக்கீசப் பறங்கியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து சிப்பாய்களாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். புத்தளத்துப் பக்கம் அவர்கள் இன்னும் சில குடும்பம் உண்டாம். லூசியாவின் தாய் தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊரின் கத்தோலிக்க மீன்காரர் வீட்டுப் பெண். அந்தப் பெற்றோர் இருவரும் எப்போதோ போய்விட்டார்கள். தம்பியும் லூசியாவும் கல்யாணத்தைப் பதியவில்லை.

"நானே வளர்ப்பன் தம்பி. எனக்குப் பிள்ளை இல்லை. ஆனா இதுக்கு வேதக் கோயிலிலை தண்ணி வார்த்து ஞானஸ்நானம் குடுத்தாச்சு. நான் வச்சிருந்தா சுவாமியார் கேப்பார். சுவாமியார் கொண்டுபோனா, இத்தினை நாள் சோறு குடுத்தது நாங்களெண்டு எங்கட பள்ளிவாசலிலை கதை வரும். சின்ன ஊர். ஒரு பிள்ளையாலை சண்டை வேண்டாமெண்டு எல்லாருமாச் சேந்து கந்தோரிலை சொல்லிப்போட்டினம். நீங்கள் வந்தது அல்லாஹ்விடை கிருபை," என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கந்தோர் என்று அவர்கள் சொல்லும் சர்க்கார் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கிளாக்கர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நெற்றியில் திருநீறு, மேலே கோட்டு. மரியாதையானவர். பெரிய புத்தகம் ஒன்றை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பேருக்கும் எதிரே இனம் என்று ஒரு கட்டம். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர், சிங்களவர், பறங்கியர், மலாயர் என்று பிரித்து எழுதியிருந்தார்கள். கடைசியில் மற்றவர்.

"மற்றவர் என்றால் யார்?"

"ஒண்டுக்கையும் அடங்காதவை. உந்தப் பிள்ளையின்ரை தாய் அதுக்கைதான்."

வள்ளியின் பேருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது.

"இனம் தகப்பன் வழி," என்றார் கிளாக்கர். "உங்கட தம்பிதான் தகப்பன், அவர் இந்தியத் தமிழர் எண்டு உறுதியானா பிள்ளையும் இந்தியத் தமிழர். நீங்கள் கையோடை கூட்டிக்கொண்டு போகலாம். ஆனா கலியாணம் பதியேல்லை. அதாலை, இந்த ஊரிலை இருக்கிற, அவரைத் தெரிஞ்ச, அதே இனத்து ஆக்கள் மூண்டு பேர் சாட்சிக்கு வேணும்."

"கூடப் பிறந்தவன் நான் சொல்கிறேனே, போதாதா?"

"நீங்கள் நேற்று வந்தனீங்கள். போதாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்பம். சாட்சி வராட்டி மற்றவர் எண்டு எழுதி, கொழும்பிலை இருக்கிற அநாதை மடத்துக்கு அனுப்பிவிடுவினம். பிறகு ஆரும் உரிமை கேக்கேலாது."

ஒரு சந்தேகம் கேட்டேன். "இதில் சாதிக்குக் கட்டம் இல்லையே?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "துரைமாருக்கு அது வேண்டாம். இந்தியாவிலை இருந்து வந்த தமிழரெல்லாம் ஒண்டுதான். கடை முதலாளியும் ஒண்டு, தெருக்கூட்டிறவனும் ஒண்டு." இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் வரை ஊரைச் சுற்றினேன். ஊர் என்று சொன்னால் அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். கோட்டைப் பக்கம், வெள்ளைக்காரக் கலப்பு வம்சமான பறங்கியர் சிலர். ஒருவர் தபால் கந்தோரில் கறுத்த கையால் வெள்ளைக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு தமிழில் அதட்டிக்கொண்டிருந்தார். சோனகத் தெருவில் உள்ளூர்ச் சோனகர் ஒரு பக்கம், காயல்பட்டினம் கீழக்கரையிலிருந்து வந்த கடைக்காரர் மறுபக்கம். இருவரும் ஒரே பள்ளிவாசலில் தொழுதுவிட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்து போனார்கள். ரயில் கந்தோரில் சிங்களவர். கரையோரம் கத்தோலிக்கர். பாண் ரொட்டி சுடுகிற ஒரு மலாய்க்காரர்.

எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் கிணறு. அந்நியன் குடிக்கத் தண்ணீர் கேட்டால் முதலில், "நீங்கள் எந்தப் பகுதி?" என்பார்கள். பதிலைக் கேட்டபிறகுதான் வாளியா சிரட்டையா என்று முடிவாகும். எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் இவ்வளவு விசாரணை கிடையாது. ஆளின் தெருவைக் கேட்டால் போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

புதன்கிழமை காலை மாட்டுவண்டி பிடித்துத் தாழ்வுபாட்டுக்குப் போனேன். லூசியாவின் தாய்வழிச் சொந்தக்காரர் யாராவது பிள்ளையை ஏற்றுக்கொண்டால் சாட்சிக்கு அலைய வேண்டாம் என்று ஒரு நினைப்பு. பாதி வழியில் சக்கரம் அச்சு வரை மணலில் புதைந்தது. நானும் வண்டிக்காரனும் தோள் கொடுத்துத் தள்ளினோம். என் புது வேட்டி கிழிந்தது. மாடு திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சமும் இரக்கம் இல்லை.

கரையில் லூசியாவின் மாமன் முறையான ஒருவர் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார். இளநீர் வெட்டித் தந்தார். பிள்ளையின் பேச்சை எடுத்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம்தான் ஐயா. தாயும் நல்ல பிள்ளை. ஆனா கந்தோரிலை இனம் தகப்பன் வழியெல்லோ? லூசியாவை நாங்கள் எங்கட ஆளெண்டு எழுத விடேல்லை. இப்ப அவளின்ரை பிள்ளையை எப்பிடி எழுதுறது? எனக்கும் ரெண்டு குமர் இருக்கு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேப்பினம்."

எனக்குக் கோபம் வந்தது. மனிதர்களா நீங்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வண்டி ஏறினேன். அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

திரும்பி வந்ததும் தம்பி வேலை பார்த்த கடைக்குப் போனேன். கடை மேலாள் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். வருடம் ஒருமுறை அந்தப் பக்கம் வருகிறவர். பாயைப் போட்டு உட்கார வைத்து, நல்ல காப்பி கொடுத்தார்.

"சுந்தரம் தங்கமான பையன். நிறுவையில் ஒரு படி தப்பினது கிடையாது. ஆனால் அந்த வாழ்க்கைக்கு என்னைச் சாட்சி கூப்பிடாதீங்க. நானும் வர மாட்டேன், கடைப் பிள்ளைகளையும் அனுப்ப மாட்டேன்," என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். "ஒன்று சொல்றேன், கேளுங்க. உங்களுக்குக் கட்டிக்கொடுக்கிற வயசில் பெண் இருக்கு. அந்தத் தலைமயிரோடு அந்தப் பிள்ளை உங்க வீட்டு வாசலில் நின்றால் உங்க பெண்ணை எவன் எடுப்பான்? மடத்தில் விட்டால் இங்கிலீஷாவது படிக்கும். இங்கே நடந்தது எதுவும் என் வாயால் ஊருக்கு வராது." நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

வியாழக்கிழமை முழுக்க அலைந்தும் ஒரு சாட்சி கிடைக்கவில்லை. வெயில் தாழ்ந்து வீட்டுக்கு வந்தபோது தெருவில், வாசலுக்குப் பத்தடி தள்ளி, ஒருவன் கைகட்டி நின்றிருந்தான். நாற்பது வயது. பேர் மாடசாமி. தெருக் கூட்டவும் மலம் அள்ளவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொண்டுவந்து, ஊர்க்கோடி லயத்தில் குடிவைத்திருந்த ஆட்களுக்கு அவன்தான் தலைவன்.

"சாமி, சாட்சிக்கு ஆள் தேடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். நாங்க மூணு பேர் வர்றோம் சாமி. கந்தோர் புஸ்தகத்துல நாங்களும் இந்தியத் தமிழர்தான்."

"சுந்தரத்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவுகதான் சாமி எங்க லயத்துக்கே காயிதம் எழுதித் தருவாக. வாராவாரம் வந்து குத்தவெச்சு எழுதுவாக. எங்க ஆத்தா செத்த சேதியையும் அவுகதான் வாசிச்சுச் சொன்னாக." பிள்ளை இருந்த பக்கம் பார்த்தான். "பேதியில போனப்ப ஒருத்தரும் கிட்ட வரல. கடைக்காரவுக கதவைச் சாத்திட்டாக. நாங்கதான் தூக்கினோம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சோம். இந்த வீட்டு அம்மா பிள்ளையை எடுத்துக்கிற வரைக்கும் ஒம்பது நாள் என் பொஞ்சாதிதான் கஞ்சி ஊத்தினா."

நாளைக்குக் காலையில் வாருங்கள் என்றேன். அவன் அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான். வள்ளி அவன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடி, கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிவிட்டுத் திரும்பினாள். அவள் துணிகளைச் சாரா உம்மா துவைத்து மடித்துத் தந்தார். இரண்டு சட்டைதான். என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை கந்தோரில் சுவரோரம் ஒரு நீள வாங்கு போட்டிருந்தார்கள். சாட்சி சொல்ல அங்கே ஒரு முறை உண்டாம். கிளாக்கர் விளக்கினார். உரிமை கேட்கும் உறவினரும் மூன்று சாட்சிகளும் பிள்ளையும் அந்த வாங்கில் ஒன்றாக உட்கார வேண்டும். அவர் தாளை வாசிப்பார். 'நாங்கள் எல்லாரும் ஒரே இனத்தவர், இந்தப் பிள்ளையும் எங்கள் இனம்' என்று சொல்லி, எல்லோருடைய வலது கையும் அந்த ஒரே தாளின் மேல் படவேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து.

மாடசாமியும் மற்ற இருவரும் குளித்து வெள்ளை கட்டி வந்திருந்தார்கள். வாங்கில் உட்காரத் தயங்கினார்கள். கிளாக்கர் இரண்டு தரம் சொன்ன பிறகு நுனியில் ஒட்டிக்கொண்டார்கள். வள்ளி போய் மாடசாமியின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

கந்தோர் வாசலில் கூட்டம் இருந்தது. சின்ன ஊரில் இதெல்லாம் வேடிக்கை. கூட்டத்தின் நடுவே கடை மேலாள் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னை அவர் பார்க்கக்கூட இல்லை. வாங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு எட்டு நடந்தேன். மூன்றாவது எட்டு வைக்க முடியவில்லை. அந்தக் கைகளோடு என் கை ஒரு தாளின் மேல். ஒரே இனம் என்று என் வாய் சொல்ல, அதை அவர் கேட்டுக்கொண்டு நிற்க. என் பெண்ணின் முகம் வந்தது. அப்பாவின் முகம் வந்தது. தம்பியின் முகம் வந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வரவில்லை.

"வந்து வாங்கிலை இருங்கோ ஐயா, நேரம் போகுது," என்றார் கிளாக்கர்.

"இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "நான் இவர்களோடு சேர்ந்து உட்கார முடியாது."

"அப்ப பிள்ளை?"

மாடசாமி எழுந்துவிட்டான். "சாமி, நாங்க கீழ உக்காந்துக்கிறோம். தாளை மட்டும் கீழ குடுக்கச் சொல்லுங்க, நீங்க மேல இருந்தே தொடுங்க. பிள்ளையை விட்டுறாதீங்க சாமி," என்று கையெடுத்துக் கும்பிட்டான். கிளாக்கர்கூட அதற்குச் சம்மதிப்பவர் போலத் தலையை ஆட்டினார். அவ்வளவு இறங்கி வந்தார்கள். நான்தான் இறங்கவில்லை.

"பிள்ளை என் தம்பியுடையதுதானா என்று எனக்கு நிச்சயமில்லை," என்றேன்.

அதைச் சொன்னபோது அவள் கால்கள் வாங்கிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். பார்த்துவிட்டேன்.

கிளாக்கர் பேனாவை மையில் தோய்த்து, காலிக் கட்டத்தில் எழுதினார். எழுதி முடித்து ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். வெளியே வந்தபோது கடை மேலாள் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

சாரா உம்மாவிடம் சொல்லிக்கொள்ளத் திராணி இல்லை. பெட்டியை எடுக்கப் போனபோது அவர் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "ஏன் தம்பி?" நான் இரண்டு சட்டையையும் எடுத்துப் பாயின் மேல் வைத்தேன். அவர் அன்று சாப்பிடச் சொல்லவில்லை.

கொழும்பு வண்டியும் தலைமன்னார் வண்டியும் மறுநாள் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வள்ளியை ஒரு கன்னியாஸ்திரி கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். மாடசாமியின் மனைவி ஒரு துணியில் ஏதோ கட்டிக் கொடுத்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். ஆனாலும் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள்.

"பெரியப்பா, நீங்கள் அந்தக் கோச்சியிலையோ போறியள்? நான் இதிலை போறன்," என்று கத்தினாள். அழவில்லை. இரண்டு வண்டியும் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், இல்லை அவளாகவே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கையை உயர்த்தினேன்.

திரும்பும்போது கடல் அமைதியாக இருந்தது. எனக்கு வாந்தி வரவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். என் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள். வண்டிக்காரன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போகிற வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பிள்ளை எங்கேடா?"

"அதுவும் பேதியில் போய்விட்டது அம்மா. நான் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே," என்றேன்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். பிள்ளையின் பேர் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். அந்தப் பேரை வைத்து அழுதார்கள். தீட்டுக் கழிக்க வீடு முழுவதும் ஒவ்வொருவராகக் குளித்தோம். எனக்கு என் பெண்தான் கிணற்றடியில் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். மூன்று குடம் போதும் என்றாள். இன்னும் ஊற்று என்றேன்.